லினக்ஸ் கணினியில் நோய்நாடல்

முன்னுரை

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தறிந்த பின்னரே மருந்து செய்தல் வேண்டும் என்பது வள்ளுவப் பெருந்தகை வகுத்த நெறியாகும். அந்நெறி கணினிக்கும் பொருந்தும். பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ், இன்று நம் இல்லங்களிலும் இடம்பெற்றுள்ளது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கருவிகளிலும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் இடம்பெற்றது. ஆயினும், சிறு பழுது நேர்ந்தவுடன் வட்டு முழுவதையும் அழித்துப் புதிதாக நிறுவிவிடும் வழக்கம் பெருகியுள்ளது. தறியில் ஓர் இழை அறுந்தால் நம் காஞ்சி நெசவாளர் பாவு முழுவதையும் அறுத்தெறிவதில்லை. அறுந்த இழையைத் தேடி முடிந்து நெசவைத் தொடர்கிறார். கணினிக்கும் அதுவே முறையாகும்.

எழுத்துச் சிதைவு

தமிழ்த்துறையினர் பெரிதும் எதிர்கொள்வது எழுத்துச் சிதைவாகும். இதில் இரு வகைகளைப் பிரித்தறிதல் வேண்டும். எழுத்துகளுக்கு மாற்றாக வெறுங்கட்டங்கள் தோன்றின், ஒருங்குறித் தமிழ் எழுத்துரு கணினியில் இல்லை என்பது பொருள். 'லோகித் தமிழ்', 'நோட்டோ' போன்ற கட்டற்ற எழுத்துருக்களுள் ஒன்றை நிறுவினால் குறை நீங்கும்.

பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றின், காரணம் வேறு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்தியவை. சான்றாக, பாமினியில் ஆங்கிலக் 'கே' இருக்கும் இடத்தில் 'ம' அமைந்துள்ளது. எழுத்துரு நீங்கினால் ஆங்கிலமே எஞ்சும். கோப்பு கெடவில்லை, அதனைக் காட்டும் கண்ணாடியே இல்லை. எந்த எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டது என்று கண்டறிந்து, அதனை நிறுவிப் படிக்கலாம். அல்லது 'ஓப்பன் தமிழ்' போன்ற கட்டற்ற நிரல்தொகுப்பின் துணையால் ஒருங்குறிக்கு மாற்றலாம். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முன் தட்டச்சிடப்பட்ட சீறாப்புராண ஆய்வேடும், தர்காக் கல்வெட்டுக் குறிப்பும் 'கெட்டுப்போன கோப்பு' என்று கருதப்பட்டு அழிக்கப்படுமாயின், அவ்விழப்பு மீளாதது.

இடமின்மையும் தொடங்காமையும்

சரியான கடவுச்சொல்லை இட்ட பின்னும் நுழைவுத்திரையே மீண்டும் தோன்றுமாயின், வட்டு நிரம்பியிருத்தல் அதற்கொரு காரணமாகலாம். 'டிஎஃப்' என்னும் கட்டளை எஞ்சிய இடத்தைக் காட்டும். தரவிறக்கிய பழைய நிரற்பொதிகளை நீக்கினாலே பெரும்பாலும் இடம் கிடைக்கும். புதுப்பித்தல் இடையில் நின்று, 'வேறொரு நிரல் பயன்படுத்துகிறது' என்னும் செய்தி வருமாயின், முதலில் சற்றுப் பொறுத்திருத்தல் நலம். பின்னணியில் அப்பணி நடந்துகொண்டிருக்கக்கூடும்.

திடீர் மின்தடைக்குப் பின் கணினி தொடங்க மறுத்தால், கோப்பமைப்பில் பிழை நேர்ந்திருக்கலாம். 'எஃப்எஸ்செக்' என்னும் நிரல் அதனைச் சீராக்கும். ஆனால், பயன்பாட்டில் இணைந்துள்ள வட்டின்மீது அதனைச் செலுத்தலாகாது. வேறொரு கணினியில் லினக்ஸ் பதித்த பென்டிரைவ் ஒன்றைத் தயாரித்து, அதன்வழியே கணினியை இயக்கினால், வட்டு பழுதுறாதவரை உள்ளிருக்கும் கோப்புகளைப் படியெடுக்க இயலும். படியெடுத்த பின்னரே பழுதுநீக்கத்தில் இறங்குதல் வேண்டும். இவ்வரிசை மாறின், மருந்தே நோயாகிவிடும்.

முடிவுரை

திரையில் தோன்றும் பிழைச்செய்தியை முழுமையாகப் படித்தல், அதனை எழுதிவைத்தல், கோப்புகளைப் படியெடுத்தல், ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்தல் ஆகிய நான்கும் நோய்நாடலின் படிகளாகும். இவற்றைக் கடந்தும் ஐயம் எழுமாயின் வினவத் தயங்க வேண்டியதில்லை. நம் ஊரின் பெயரைத் தாங்கிய காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினரும், 2012 முதல் வெளிவரும் 'கணியம்' மின்னிதழும் இத்துறையைத் தமிழிலேயே விளக்கி வருகின்றனர். ஓலைச்சுவடியைச் செல்லரிக்காமல் காத்த முன்னோரின் பொறுப்பு, இன்று வட்டிலுள்ள எழுத்தைக் காக்கும் பொறுப்பாக நம்மிடம் வந்துள்ளது. அதனை மாணவர் உணர்ந்து செயற்படுவாராக.