வாகனக் காப்பீடு காலாவதியாதல்

வாகனக் காப்பீடு காலாவதியாதல் என்பது, ஒரு மோட்டார் வாகனத்திற்கு எடுக்கப்பட்ட காப்பீட்டுப் பாலிசியின் காலம் முடிந்த பின்னரும் அது புதுப்பிக்கப்படாமல் இருக்கும் நிலையைக் குறிக்கும். பாலிசி முடிவதற்கு எவரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அதில் குறிப்பிட்ட நேரம் கடந்தவுடன் அது தானாகவே முடிந்துவிடுகிறது. வாகனமோ முன்போலவே ஓடிக்கொண்டிருக்கும். இதனால் உரிமையாளர் தம் வாகனத்திற்குக் காப்பீடு இல்லை என்பதை அறியாமலேயே பல நாட்கள் அதை ஓட்டக்கூடும். பாதுகாப்பு உண்டா இல்லையா என்பதைப் பாலிசியின் காலமே முடிவு செய்கிறது. உரிமையாளரின் நம்பிக்கை அன்று. இக்கட்டுரை இந்தியாவில் உள்ள நிலையை விளக்குகிறது.

சட்டப் பின்னணி

இந்தியாவில் மூன்றாம் நபர் காப்பீடு 1939 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், 1946 சூலை 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. தற்போது நடைமுறையில் உள்ள 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 146 ஆவது பிரிவு, செல்லத்தக்க காப்பீடு இல்லாத வாகனத்தைப் பொது இடத்தில் பயன்படுத்துவதையும், பிறரைப் பயன்படுத்த அனுமதிப்பதையும் தடை செய்கிறது.

வாகனக் காப்பீட்டில் இரு பகுதிகள் உள்ளன. வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் உயிரிழப்பு, காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கு ஈடு தருவது மூன்றாம் நபர் காப்பீடு. வாகனத்திற்கே நேரும் சேதத்திற்கும் திருட்டுக்கும் ஈடு தருவது சொந்தச் சேதக் காப்பீடு. இவற்றுள் முன்னது மட்டுமே சட்டப்படி கட்டாயமானது. கட்டாயக் காப்பீட்டின் முதன்மை நோக்கம் விபத்தில் பாதிக்கப்படும் பிறரைக் காப்பதாகும்.

காலக்கணக்கு

ஆயுள் காப்பீட்டில் கட்டணம் செலுத்தும் நாள் தவறினாலும் சலுகைக் காலம் உண்டு. அக்காலத்தில் பாதுகாப்பு தொடரும். வாகனக் காப்பீட்டில் அத்தகைய சலுகைக் காலம் இல்லை. 1938 ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவின்படி, கட்டணம் பெறப்படுவதற்கு முன் காப்பீட்டு நிறுவனம் இடர்ப்பொறுப்பை ஏற்க இயலாது.

இங்கு நாள் மட்டுமன்றி நேரமும் முக்கியமானது. பாலிசியில் தொடக்க நேரம் குறிப்பிடப்படாவிட்டால் அது அந்நாளின் தொடக்கத்திலிருந்தே நடைமுறைக்கு வரும் என்று உச்ச நீதிமன்றம் 1990 இல் கூறியது. நேரம் குறிப்பிடப்பட்டிருந்தால் அந்நேரத்திலிருந்தே பாதுகாப்பு தொடங்கும் என்று 1997 இல் தெளிவுபடுத்தியது. எடுத்துக்காட்டாக, நள்ளிரவில் முடிந்த பாலிசிக்குப் பதிலாக மறுநாள் காலை 10 மணி எனக் குறிப்பிட்டு வழங்கப்பட்ட பாலிசி, அன்று காலை 8 மணிக்கு நேர்ந்த விபத்துக்குப் பொருந்தாது.

அறியாமல் நேர்வதற்கான காரணங்கள்

முடிவு நாளை மறந்துவிடுவது எளிதில் விளங்கும் காரணம். அதைத் தவிர வேறு காரணங்களும் உள்ளன.

இரு வேறு முடிவு நாட்கள்: உச்ச நீதிமன்றத்தின் ஆணையைத் தொடர்ந்து, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு 3 ஆண்டுகளுக்கும் புதிய இரு சக்கர வாகனங்களுக்கு 5 ஆண்டுகளுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு எடுப்பது கட்டாயமாயிற்று. சொந்தச் சேதக் காப்பீட்டை ஓராண்டுக்கு மட்டும் எடுக்கலாம். இதனால் ஒரே வாகனத்திற்கு இரு முடிவு நாட்கள் அமைகின்றன. "மூன்றாண்டு காப்பீடு" உள்ளதாக எண்ணும் உரிமையாளருக்கு, ஓராண்டு முடிந்ததும் சொந்தச் சேதப் பகுதி இல்லாமற் போயிருக்கலாம். மாறாக, பின்னர் ஆண்டுதோறும் சொந்தச் சேதப் பகுதியை மட்டும் புதுப்பித்து வருபவர், மூன்றாம் நபர் காப்பீடு முடிந்ததைக் கவனிக்காமல் விட்டுவிடலாம்.

பழைய வாகனம் வாங்குதல்: வாகனம் கைமாறும்போது மூன்றாம் நபர் காப்பீடு புதிய உரிமையாளருக்கு மாறியதாகச் சட்டத்தின் 157 ஆவது பிரிவு கொள்கிறது. வாங்குபவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். சொந்தச் சேதக் காப்பீடு இவ்வாறு தானாக மாறுவதில்லை. பெயர் மாற்றம் செய்யாதபோது, புதுப்பித்தல் பற்றிய நினைவூட்டல்களும் பழைய உரிமையாளரின் முகவரிக்கும் தொலைபேசி எண்ணுக்குமே செல்லும்.

காசோலை திரும்புதல்: கட்டணத்திற்காகக் கொடுத்த காசோலை வங்கியிலிருந்து திரும்பினால், நிறுவனம் பாலிசியை நீக்கலாம். அச்சிட்ட பாலிசி கையில் இருந்தாலும் அது செல்லாததாகிவிடும். விபத்துக்கு முன்பே பாலிசி நீக்கப்பட்டு, உரிமையாளருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கும் அறிவிக்கப்பட்டிருந்தால், நிறுவனத்திற்குப் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2007 இல் தீர்ப்பளித்தது. எனினும் அவ்வழக்கின் சூழ்நிலை கருதி, பாதிக்கப்பட்டோருக்கு முதலில் இழப்பீட்டை வழங்கிவிட்டு, அதை உரிமையாளரிடம் வசூலிக்குமாறு நிறுவனத்துக்கு ஆணையிட்டது. நீக்கிய செய்தி விபத்துக்கு முன் உரிமையாளரைச் சென்றடையாதபோது, மூன்றாம் நபருக்கான பொறுப்பிலிருந்து நிறுவனம் விலக முடியாது என்று 2012 இல் கூறியது.

அறியாமையும் தண்டனையும்

காப்பீடு இல்லாமல் வாகனம் ஓட்டுவதற்கான தண்டனையைச் சட்டத்தின் 196 ஆவது பிரிவு வகுக்கிறது. 2019 ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மறுமுறை அபராதம் 4,000 ரூபாயாகும்.

அறியாமையைக் காரணமாக ஏற்கும் விதிவிலக்கு ஒன்று 146 ஆவது பிரிவின் விளக்கத்தில் உள்ளது. அது கூலிக்கு அமர்த்தப்பட்ட ஓட்டுநருக்கு மட்டுமே உரியது. வாகனத்திற்குக் காப்பீடு இல்லை என்பதை அறியாதவரும், அவ்வாறு கருதக் காரணம் இல்லாதவருமான ஊதிய ஓட்டுநர், இப்பிரிவை மீறியவராகக் கருதப்படமாட்டார். உரிமையாளருக்கு இத்தகைய விலக்கு அவ்விளக்கத்தில் தரப்படவில்லை. பாலிசியின் காலத்தைக் கவனிப்பது உரிமையாளரின் கடமை என்பதே இதன் அடிப்படை.

விபத்து நேர்ந்தால்

காப்பீடு இல்லாத நிலையில் ஏற்படும் பெரும் இழப்பு அபராதம் அன்று. விபத்தில் ஒருவர் இறந்தாலோ உடல் உறுப்பை இழந்தாலோ, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அவரது வயது, வருமானம், அவரைச் சார்ந்திருப்போர் ஆகியவற்றைக் கணக்கிட்டு இழப்பீட்டை முடிவு செய்கிறது. இது பல இலட்சம் ரூபாயாக இருக்கலாம். காப்பீடு இருந்தால் இத்தொகையை நிறுவனம் செலுத்தும். இல்லாவிட்டால் உரிமையாளரும் ஓட்டுநரும் தம் சொந்தப் பொறுப்பில் செலுத்த வேண்டும். செலுத்தாதபோது, 174 ஆவது பிரிவின்படி அதை நிலவரி நிலுவை போல மாவட்ட ஆட்சியர் வழியாக வசூலிக்கலாம்.

உரிமையாளரிடம் சொத்து ஏதும் இல்லையெனில், தீர்ப்புப் பெற்றும் பாதிக்கப்பட்ட குடும்பத்திற்குப் பணம் கிடைக்காமல் போகலாம். ஆகவே காலாவதியான பாலிசியின் விளைவு அதை மறந்தவரோடு நின்றுவிடுவதில்லை.

மீண்டும் காப்பீடு பெறுதல்

காலாவதியான பின் எடுக்கப்படும் பாலிசி முன்தேதியிட்டு வழங்கப்படுவதில்லை. இடைப்பட்ட நாட்களில் நேர்ந்த விபத்துகளுக்கு அது பொருந்தாது. சொந்தச் சேதக் காப்பீடு வழங்குவதற்கு முன், வாகனத்தில் ஏற்கனவே உள்ள சேதங்களைக் கண்டறிய நிறுவனங்கள் அதனை நேரிலோ ஒளிப்படங்கள் வழியாகவோ ஆய்வு செய்வது வழக்கம்.

இழப்பீடு கோராத உரிமையாளருக்குச் சொந்தச் சேதக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. இது "நோ கிளைம் போனஸ்" எனப்படும். முதலாம் ஆண்டு 20 விழுக்காட்டில் தொடங்கி, தொடர்ந்து 5 ஆண்டுகளுக்குப் பின் 50 விழுக்காடு வரை உயரும். பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் இத்தள்ளுபடி இழக்கப்படும். இந்த 90 நாட்களைச் சலுகைக் காலம் எனச் சிலர் தவறாகக் கருதுவதுண்டு. அது தள்ளுபடிக்கான காலக்கெடு மட்டுமே. அந்நாட்களில் வாகனத்திற்குப் பாதுகாப்பு ஏதும் இல்லை.

சரிபார்க்கும் முறைகள்

பாலிசி ஆவணத்தின் அட்டவணைப் பகுதியில் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கும் சொந்தச் சேதக் காப்பீட்டுக்கும் உரிய தொடக்க, முடிவு நாட்கள் தனித்தனியே தரப்பட்டிருக்கும். இந்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலும் எம்பரிவாகன் செயலியிலும் வாகனப் பதிவெண்ணைக் கொண்டு காப்பீட்டின் முடிவு நாளை அறியலாம். இப்பதிவுகள் சில வேளைகளில் தாமதமாகப் புதுப்பிக்கப்படலாம் என்பதால், ஐயம் ஏற்படும்போது பாலிசி எண்ணைக் கொண்டு காப்பீட்டு நிறுவனத்திடமே உறுதி செய்துகொள்வது தகும். பழைய வாகனம் வாங்குவோரும், பிறர் வாகனத்தை இரவல் பெற்று ஓட்டுவோரும் பயணம் தொடங்கும் முன் இதனைச் சரிபார்ப்பது நல்லது.