அப்பா கொடுத்ததும் கேட்டு வாங்கியதும்: நிறுவன இணைப்புகளில் ‘பண்பாடு’

இரண்டு மென்பொருள் நிறுவனங்கள் இணையும்போது நிர்வாகத்தின் சொல்லாடலில் ‘பண்பாடு’ தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரு பண்பாடுகளையும் எப்படிக் கலப்பது என்பதுதான் பிரச்சினையாம். கல்யாணப் பேச்சு மாதிரியே இருக்கும்: சம்பந்தம் முடிஞ்சாச்சு, இனி பெண்தான் புகுந்த வீட்டுக்குத் தோதாக நடந்துக்கணும். ஒருவரை ஒருவர் விலைக்கு வாங்கிய சங்கதி இந்தப் பேச்சில் மறைந்துபோகிறது. பண்பாட்டு அரசியல் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். மூலதனம் அதே சொல்லைக் கையிலெடுக்கும்போது அது செய்கிற வேலை என்ன? அமெரிக்காவில் நடந்த இரண்டு இணைப்புகளை வைத்து இதை விளக்கப் பார்க்கிறேன்.

முதலாவது பீப்பிள்சாஃப்ட். 1987ல் டேவிட் டஃபீல்டும் கென் மாரிஸும் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. பெரிய நிறுவனங்களின் ஆள் கணக்கையும் சம்பளக் கணக்கையும் பார்க்கும் மென்பொருளைச் செய்து விற்றது. அங்கே ஊழியர்களுக்குப் பெயர் ‘பீப்பிள்பீப்பிள்’. ‘ரேவிங் டேவ்ஸ்’ என்று உள்ளுக்குள்ளேயே ஒரு பாட்டுக் குழு. டேவிட் ஏ. டஃபீல்டின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் ‘அப்பா’ என்று வரும். அந்த அழைப்பும் புழங்கியது. ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்கிற கதையாடல்.

2003 ஜூனில் ஆரக்கிள் இந்நிறுவனத்தை 510 கோடி டாலருக்குக் கேட்டது. இயக்குநர் குழு மறுத்தது. ஆரக்கிள் நேரே பங்குதாரர்களிடம் போனது. ஒன்றரை ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2004 டிசம்பரில் 1,030 கோடி டாலருக்கு வியாபாரம் படிந்தது. 2005 ஜனவரியில், இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 55,000 பேரில் 5,000 பேருக்கு வேலை போச்சு. ஆனால் பீப்பிள்சாஃப்டில் மென்பொருளை உருவாக்குவோர், வாடிக்கையாளருக்கு உதவுவோர் ஆகியோரில் 90 சதவீதத்துக்கு மேல் வைத்துக்கொள்வதாக ஆரக்கிள் அறிவித்தது.

ஏன் இவர்களை மட்டும்? இம்மாதிரி மென்பொருளை வாங்கியவர்கள் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறவர்கள். நிரலில் எது எங்கே இருக்கிறது, ஏன் அப்படி எழுதப்பட்டது என்கிற அறிவில் பாதி, எழுதியவர் தலைக்குள்தான் இருக்கும். ஆரக்கிளுக்கு வேண்டியிருந்தவை அந்தக் கட்டணமும் அந்தத் தலைகளும். பங்கு வைத்திருந்தவரிடம் சம்மதம் கேட்டார்கள். உழைத்தவரிடம், உழைத்தவர் என்கிற முறையில், யாரும் கேட்கவில்லை. ஆள் கணக்குக்கு மென்பொருள் எழுதியவர்களே ஆள் கணக்கில் ஒரு வரியாகிப் போனார்கள்.

டஃபீல்ட் கெட்ட மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. வேலை இழந்தவர்களுக்கு உதவத் தம் சொந்தப் பணத்திலிருந்து 1 கோடி டாலர் ஒதுக்கினார். பிரச்சினையே அங்கேதான். முதலிலிருந்து கடைசிவரை எல்லாம் அப்பா கொடுத்தது. வீடு கைமாறினால் அப்பாவின் அன்பு வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது.

இரண்டாவது லோட்டஸ். அங்கே 1989ல் பெண் ஊழியர்கள் சிலர் ஒரு கோரிக்கை வைத்தார்கள்: மற்ற ஊழியர்களின் மனைவிக்கும் கணவனுக்கும் கிடைக்கிற மருத்துவக் காப்பீடு எங்கள் தன்பாலின இணையர்களுக்கும் வேண்டும். இரண்டாண்டு பேசிப் பேசி 1991ல் பெற்றார்கள். பங்குச்சந்தையில் உள்ள பெரிய அமெரிக்க நிறுவனங்களில் அதுதான் முதல். 1995 ஜூனில் ஐ.பி.எம். 350 கோடி டாலருக்கு லோட்டஸை வாங்கியது. லோட்டஸ் தலைவர் ஜிம் மான்சி அந்த ஆண்டே வெளியேறினார். ஆனால் 1996ல் ஐ.பி.எம்.மே இதே சலுகையைத் தன் அமெரிக்க ஊழியர்கள் எல்லாருக்கும் அறிவித்தது. இணைப்புதான் இதற்குக் காரணம் என்று நான் வாதிடவில்லை; ஐ.பி.எம்.முக்குள்ளும் கேட்டவர்கள் இருந்தார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறு. லோட்டஸிலும் கொண்டாட்டங்கள், கேளிக்கைகள் இருந்திருக்கும். ஆனால் அந்தக் காப்பீடு கேளிக்கை அல்ல. எழுதி வைக்கப்பட்ட விதி. யார் கேட்டது, யாருக்கு, எவ்வளவு என்று சுட்டிக்காட்ட முடியும்.

ஆகவே ‘பண்பாடு’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு சங்கதிகள் கிடக்கின்றன. ஒன்று மேலிருந்து வந்த கொடை. மற்றது கீழிருந்து கேட்டு வாங்கியது. நிர்வாகத்தின் சொல்லாடல் இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுகிறது. அப்படிக் கிண்டினால்தான் காப்பீட்டைக் குறைப்பதும் பாட்டுக் குழுவைக் கலைப்பதும் ஒரே மாதிரி ‘பண்பாட்டு மாற்றம்’ ஆகும். எதிர்ப்பவர் ‘ஒத்துப்போகத் தெரியாதவர்’ ஆவார்.

எழுதி வாங்கிய உரிமையும் பறிபோகும்தானே என்று தோழர்கள் கேட்கலாம். போகும். ஆனால் பறிக்கிறவன் ‘பறிக்கிறேன்’ என்று வாய்திறந்து சொல்லியாகணும். அன்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள யாருக்கும் அறிவிப்பு தர வேண்டியதில்லை. இணைப்பு என்று சேதி வந்ததும் எந்தப் பண்பாடு ஜெயிக்கும் என்று விவாதித்துக்கொண்டிருப்பதை விட்டு, நம்மிடம் எழுத்தில் என்னென்ன இருக்கு என்று முதலில் எண்ணிப் பார்க்கலாம். சேதி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.