சிவப்பு விளக்கு எரிஞ்சா வண்டியை நிறுத்து

ஜெர்மனியில ஹனோவர் நகரத்துல மே 1-ம் தேதி பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில்களும் வேன்களும் திறந்தவெளியில கூடுறது வழக்கமா இருந்துச்சு. ஒரு வருஷம் நானும் போயிருந்தேன்.

ஒரு பெரியவர் தன் பீட்டிலோட பின்மூடியைத் திறந்து காட்டினார். ரேடியேட்டர் கிடையாது, தண்ணியும் கிடையாது. ஃபேன் அடிக்கிற காத்துதான் சிலிண்டர்களோட சூட்டை இழுத்துட்டுப் போகுது. அந்த ஃபேன் ஜெனரேட்டர் தண்டுலயே மாட்டியிருக்கு. ரெண்டையும் சுத்துறது ஒரே பெல்ட்.

டாஷ்போர்டுல வெப்பமானி இல்லை. அதனால சிவப்பு சார்ஜிங் விளக்கு எரிஞ்சா, ‘பேட்டரிதானே, வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்’னு ஓட்டக்கூடாது. பெல்ட் அறுந்திருந்தா காத்தும் நின்னிருக்கும். கொஞ்ச தூரத்துல இன்ஜின் காலி. உடனே ஓரங்கட்டணும். அவர் எப்பவும் ஒரு உபரி பெல்ட் வச்சிருக்கார்.

சர்வர் அலர்ட்டை ‘காலையில பாத்துக்கலாம்’னு விட்டு, ராத்திரி முழுக்க முழிச்சவன் நான். எனக்கு நல்லாவே புரிஞ்சது.