கம்பாலா போய்வந்த பின் வரும் காய்ச்சல்

சிங்கப்பூரின் கிராஞ்சியில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்கியைத்தான் சந்தேகிப்பார்கள். மலேரியா யார் நினைவுக்கும் வருவதில்லை. 1982 நவம்பரிலேயே உலகச் சுகாதார நிறுவனம் சிங்கப்பூரை மலேரியா இல்லாத நாடாக அறிவித்துவிட்டது. ஆனால் அதைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு இந்தத் தீவை விட்டுப் போகவில்லை. 2009ல் கிராஞ்சியை அடுத்த மண்டாய், சுங்கை காடுட் வட்டாரத்தில் சிலருக்கு உள்ளூரிலேயே மலேரியா தொற்றியது. வெளியிலிருந்து ஒருவர் உடலில் வரும் ஒட்டுண்ணியும் இங்குள்ள கொசுவும் சேர்ந்தால் அது மறுபடி நடக்கலாம்.

அதனால் வேலைக்காகவோ சுற்றுலாவுக்காகவோ உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவுக்குப் புறப்படுபவரின் உடல்நலம் அவரோடு முடிந்துவிடுவதில்லை.

முதல் வேலை தடுப்பூசி. ஒரு வயதுக்கு மேற்பட்ட பயணிகள் எல்லாரிடமும் உகாண்டா மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்கிறது. ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுளுக்கும் செல்லுபடியாகிறது. திரும்பும்போதும் அது கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் கம்பாலாவிலிருந்து சென்னையில் இறங்கினாலும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினாலும் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம். உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி இது என்பதால் கர்ப்பிணிகள், 60 வயதைத் தொட்டவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் மருத்துவரிடம் பேசிய பிறகே முடிவெடுக்க வேண்டும். டான் டொக் செங் மருத்துவமனையின் பயணிகள் மருந்தகம் போன்ற இடங்களுக்குப் பயணத்துக்கு நான்கைந்து வாரம் முன்பே போய்விடுவது நல்லது.

மலேரியாவுக்கு வருவோம். நைரோபி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே ஆபத்து குறைவு. சுமார் 1,200 மீட்டர் உயரத்தில், விக்டோரியா ஏரிக்கு அருகில் இருக்கும் கம்பாலாவில் ஆண்டு முழுவதும் மலேரியா உண்டு. 'ஊரில் சின்ன வயதிலேயே மலேரியா வந்து போயிற்று, இனி என்ன செய்யும்' என்ற தைரியம் இங்கே உதவாது. அந்த எதிர்ப்பாற்றல் சில ஆண்டுகளில் கரைந்துவிடும். தமிழ்நாட்டில் அதிகம் காணப்பட்டது வைவாக்ஸ் வகை. உகாண்டாவில் பரவுவது பெரும்பாலும் ஃபால்சிபாரம். சிகிச்சை தாமதித்தால் அது 24 மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம்.

மலேரியாத் தடுப்பு மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதுதான் பெரிய தவறு. டாக்ஸிசைக்ளினை ஊர் திரும்பி நான்கு வாரம் வரை தினமும் சாப்பிட வேண்டும். அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாள். பெட்டியைப் பிரித்ததும் மாத்திரையை மறந்துவிடுகிறோம், ஆனால் உடலுக்குள் போன ஒட்டுண்ணிக்கு அப்போதுதான் நேரம் வருகிறது. இரவில் கொசுவலை, மாலையானதும் முழுக்கைச் சட்டை, டீட் கலந்த கொசு விரட்டி ஆகியவையும் அவசியம்.

கொதிக்கவைத்த அல்லது மூடி திறக்கப்படாத பாட்டில் தண்ணீர், சுடச்சுடச் சமைத்த உணவு என்று வயிற்றைக் காத்துக்கொள்ளலாம். சாலை விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். போடா-போடா எனப்படும் மோட்டார்சைக்கிள் டாக்சிகள் கம்பாலா நெரிசலில் புகுந்து ஓடும். தலைக்கவசம் இல்லாமல் அவற்றில் ஏற வேண்டாம். பெரிய விபத்து என்றால் நோயாளியை நைரோபிக்கு விமானத்தில் கொண்டுபோக நேரலாம். அந்தச் செலவையும் ஏற்கும் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும்.

பலரும் அஞ்சும் இபோலா 2025 ஜனவரியில் கம்பாலாவில் தலைகாட்டியது. ஏப்ரல் இறுதியில் ஓய்ந்ததாக அறிவிக்கப்பட்டது. புறப்படும் வாரத்தில் சுகாதார அறிவிப்புகளைப் பார்த்துக்கொள்வது போதும்.

திரும்பிவந்து மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுக் காத்திருக்கக் கூடாது. டெங்கியிலும் மலேரியாவிலும் ரத்தத் தட்டணுக்கள் குறையும். நோயாளி சொல்லாவிட்டால் மருத்துவர் டெங்கியென்றே எண்ணக்கூடும். 'கம்பாலா போய்வந்தேன், மலேரியா சோதனை செய்யுங்கள்' என்று நாமே சொல்ல வேண்டும். முதல் ரத்தச் சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் காய்ச்சல் விடவில்லையென்றால், 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இருமுறை பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.