மகப்பேறின்மைக்குப் பெண் மட்டுமா காரணம்?

மணமாகிச் சில ஆண்டுகள் கழிந்தும் ஒரு வீட்டில் தொட்டில் ஆடவில்லையெனில், ஊராரின் பார்வை முதலில் மருமகள் மீதே விழுகிறது. விரதமும் மருந்தும் அவளுக்கே; 'மலடி' என்னும் சொல்லும் அவளுக்கே. வட்டாரப் பணியின் பொருட்டு ஊர் ஊராகச் செல்லும் நாம் இதனைப் பலமுறை கண்டிருக்கிறோம். கணவனைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று வினவினால், வினவியதே பிழையென்பது போலப் பெரியவர்கள் முகம் சுளிக்கின்றனர்.

ஓராண்டுக் காலம் தடையின்றிக் கூடி வாழ்ந்தும் கருத்தரியாமையே மகப்பேறின்மை என உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. வாழ்நாளில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் இதற்கு ஆளாவதாக 2023ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அறிவித்தது. இத்தகைய தம்பதியருள் சுமார் பாதிப் பேரிடம் ஆணின் குறை, தனித்தோ பெண்ணின் குறையோடு சேர்ந்தோ காணப்படுகிறது. ஆணிடம் குறை தோன்றும் வழிகள் பல. அவற்றுள் இரண்டை இங்கு விளக்குவோம்.

முதலாவது, பிறவியில் அமைவது. மனிதனின் உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் எக்ஸ் ஒன்றும் ஒய் ஒன்றும் ஆணின் தன்மையைத் தீர்மானிப்பவை. சிலர் எக்ஸ் ஒன்றை மிகுதியாகப் பெற்று 47 குரோமோசோம்களுடன் பிறக்கின்றனர். இந்நிலையின் அறிகுறிகளை 1942இல் அமெரிக்க மருத்துவர் ஹாரி கிளைன்ஃபெல்ட்டர் விவரித்தார். வேறு சிலருக்கு ஒய் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாதிருக்கும். அதனால் விந்தணு உற்பத்தி மிகவும் குன்றும், அல்லது அடியோடு நின்றுவிடும். உடற்கட்டையோ தாம்பத்திய ஆற்றலையோ கொண்டு இக்குறையை அறிய இயலாது.

இரண்டாவது, ஆக்சிஜனால் நேரும் சிதைவு. வெளியில் கிடக்கும் கொழுவை ஆக்சிஜன் துருப்பிடிக்கச் செய்வதை நாம் அறிவோம். உடலினுள்ளும் ஆக்சிஜனிலிருந்து வினைமிக்க துகள்கள் தோன்றுகின்றன. விந்தணு கருவுறச் செய்யும் திறன் பெறுவதற்கு இவை சிறிதளவு தேவை. அளவு மீறினால் கேடு. விந்தணுவின் மேலுறை எளிதில் சிதையும் கொழுப்பு மிகுந்தது. அதைக் காக்கும் நொதிகளோ குறைவு. ஆதலால் நீந்தும் வலிமை குன்றுகிறது. உள்ளிருக்கும் மரபுப் பொருளும் பழுதடைகிறது. புகைபிடித்தல், நோய்த்தொற்று, மிகுந்த வெப்பம், விதைப்பையில் இரத்தக் குழாய்கள் புடைத்தல் ஆகியவை இத்தீங்கை வளர்க்கின்றன.

இவ்விரு வழிகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. நச்சை முறிக்கும் நொதிகளுள் ஒன்றை உண்டாக்கும் மரபணு பலருக்குப் பிறவியிலேயே இல்லை. அதனால் மட்டும் மகப்பேறின்மை நேர்வதில்லை. எனினும், வேலி பழுதான வயலில் ஆடு எளிதில் புகுவது போல, ஒரே புகை ஒருவரைவிட மற்றவருக்கு மிகுதியான தீங்கு செய்யக்கூடும்.

விவசாயிகள் கருத்தில் கொள்ள வேண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1977இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டி.பி.சி.பி. என்னும் நூற்புழுக் கொல்லியைத் தயாரித்த தொழிலாளர்கள், தங்களுள் பலருக்குக் குழந்தை பிறவாததைத் தாமே உணர்ந்து சோதனைக்கு உட்பட்டனர். பலரிடம் விந்தணு மிகக் குறைந்தோ, அறவே இல்லாமலோ இருந்தது. எல்லா மருந்தும் இத்தன்மையதன்று. எனினும் மருந்தடிக்கும்போது கையுறையும் முகமூடியும் அணிதல் நன்று.

செய்ய வேண்டுவது யாது? முதற்படி, விந்துப் பரிசோதனை. இது எளியது; உடலுக்கு நோவு தராதது. விந்தணு உருவாகி வெளிப்பட ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். ஆகவே புகையை விட்டவர் அதுவரை பொறுத்திருந்து மறுபடி சோதித்தல் வேண்டும். விளம்பரம் கண்டு மாத்திரை வாங்குதல் வீண்செலவாகலாம். துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் மகப்பேற்றை மிகுதியாக்குவதில்லை என்பதை, 2,370 தம்பதியரிடம் அமெரிக்காவில் நடத்தப்பெற்று 2020இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தையில்லை என்று கூறி மறுமணப் பேச்சு எழுமாயின், மனைவி உயிருடனிருக்க மறுமணம் செல்லாது என்னும் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தை எடுத்துரையுங்கள். அத்துடன் கணவனும் மனைவியும் ஒருங்கே மருத்துவரிடம் செல்லுமாறு கூறுங்கள். குறை யாரிடம் என்று தெரியாமலே ஒரு பெண் காலமெல்லாம் பழி சுமக்கும் நிலை நம் ஊர்களில் இனி வேண்டாம்.