நோறாவின் கையொப்பமும் சீதன வீடும்

யதார்த்த நாடகம் பற்றிப் பேசுவோர் ஹென்றிக் இப்சனின் 'பொம்மை வீடு' முடிவில் எழும் கதவோசையையே பெரிதும் எடுத்துரைப்பர். 1879 டிசெம்பரில் கொப்பன்ஹேகனில் அந்நாடகம் முதன்முதல் மேடையேறியது. கணவனையும் மூன்று குழந்தைகளையும் விட்டு நோறா வெளியேறியமை ஐரோப்பிய மத்தியதர வர்க்கத்தைத் திடுக்குறச் செய்தது. ஜேர்மனிய நடிகை ஹெட்விக் நீமன்-ராபே அம்முடிவை நடிக்க மறுத்தார். பிறர் கைவைப்பதினும் தாமே மாற்றுதல் நன்றெனக் கருதிய இப்சன், குழந்தைகளின் பொருட்டு அவள் தங்கிவிடும் முடிவொன்றை வேண்டாவெறுப்பாக எழுதிக்கொடுத்தார். ஆயின் கதவோசைக்குப் பல்லாண்டுகள் முன்னர் நோறா இட்ட கையொப்பத்தையே நாம் ஈண்டு நோக்க விரும்புகின்றோம்.

நோயுற்ற கணவனை இத்தாலிக்கு அழைத்துச்செல்ல அவளுக்குப் பணம் வேண்டியிருந்தது. கணவனின் இசைவின்றி மனைவி கடன்பெறச் சட்டம் இடந்தரவில்லை. எனவே தந்தையைப் பிணையாகக் காட்டி அவர் பெயரைத் தானே எழுதினாள். தந்தை இறந்தது செப்டெம்பர் 29. ஒப்பத்துடன் உள்ள திகதியோ ஒக்டோபர் 2. நாடகம் முழுவதும் இம்மூன்று நாள் இடைவெளியிலேயே தொங்கி நிற்கின்றது எனலாம். தன் பெயர் செல்லாத இடத்தில் இன்னொருவர் பெயரை எழுதியதே அவள் செய்த குற்றம். நோர்வேயில் மணமான பெண்டிரின் சொத்துரிமையை ஏற்ற சட்டம் 1888இலேதான் வந்தது.

இந்நாடகத்தைக் கல்முனைப் பகுதியிலிருந்து படிக்கும்போது ஒரு கேள்வி எழுகின்றது: அக்கதவு யாருடையது? கரையோரமாக மருதமுனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று எனச் சென்றாலும், கிட்டங்கியைக் கடந்து வயல்சூழ்ந்த சவளக்கடைக்குச் சென்றாலும், மாப்பிள்ளை பெண்வீட்டிற்கு வருவதே வழமை. தாய்வழிக் குடிமுறை இங்கு தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. மகளுக்கு வீடமைத்தல் வாப்பாவின் தலையாய கடன். தாம் வாழ்ந்த வீட்டையே மூத்த மகளுக்கு உறுதி எழுதிக்கொடுத்துவிட்டு, அதே வளவில் சிறுவீடொன்றில் ஒதுங்கும் பெற்றோரும் உளர். மணம் முறியின் வெளியேறுபவன் பெரும்பாலும் கணவனே.

ஆகவே இங்கு நோறாவுக்கு இடமில்லை என்று முடிவுகட்டுதல் அவசரமாகும். வீடு கொடுக்க வழியற்ற குடும்பத்துப் பெண் மணமின்றிக் காத்திருக்கின்றாள். அவ்வீட்டிற்காகச் சகோதரர்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றனர், சிலபோது தாயே மத்திய கிழக்கிற்குப் பணிப்பெண்ணாகச் செல்கின்றாள். இதனினும் எம்மை வியக்கவைப்பது வேறொன்று. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் வகுத்த பதிவுமுறையில் மணமகளின் ஒப்பத்திற்கு இடம் வைக்கப்படவில்லை. அவள் சார்பில் வலீ ஒப்பமிடுவார். வீட்டுறுதியில் உரிமையாளராக விளங்குபவள் தன் விவாகப் பதிவில் ஒப்பமிடாதவளாகின்றாள்! முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் இதனைத் திருத்துமாறு நெடுங்காலமாகக் கோரி வந்துள்ளன.

2004 டிசெம்பர் 26இல் கடல் பொங்கி இக்கரையோரத்தை அழித்தபோது உறுதியின் வலிமையும் சோதனைக்குள்ளாயிற்று. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றர்வரை மீளக் கட்டுதலை அரசு முதலில் தடைசெய்தது. உட்புறத்தே கட்டப்பட்ட மாற்று வீடுகள் 'குடும்பத் தலைவர்' பெயரில் வழங்கப்பட்டன. பல இடங்களில் அச்சொல் ஆணையே குறித்தது. அழிந்த வீடு மனைவியுடையது, கிடைத்த வீடு கணவனுடையது. அலுவலர் எவரும் தீய நோக்குடன் இதனைச் செய்தாரல்லர். படிவத்தில் ஒரு பெயருக்கே இடமிருந்தது. ஹெல்மரின் நாட்டு வழக்கம் அவ்விடத்தை நிரப்பிற்று.

கல்முனையில் 'பொம்மை வீடு' மேடையேறுமாயின் நெறியாளர் இறுதிக் காட்சியில் இடர்ப்படுவார். பெண்ணை வெளியே அனுப்பினால் பார்வையாளர், 'அவளுடைய வீட்டை விட்டு அவள் ஏன் போகவேண்டும்?' என்று கேட்பர். எம் கருத்தில், அவர் கதவை விட்டுவிட்டு, அலுமாரியிலுள்ள உறுதியை மேடையின் நடுவே கொண்டுவந்து, அதில் யார் பெயர் உள்ளது என்பதை உரக்க வாசிக்கச் செய்யலாம்.