ஆஸ்பத்திரி மெஷின் எதற்குக் கத்துகிறது?



போன மாதக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் சொன்னதை வைத்தே இதை எழுதுகிறோம். அவருடைய மாமியாருக்கு ஆபரேஷன் முடிந்து வார்டில் படுக்க வைத்திருந்தார்கள். ராத்திரி முழுக்க மெஷின் விட்டுவிட்டுக் கத்தியிருக்கிறது. "அது அப்படித்தான் கத்தும்னு பக்கத்துப் பெட்காரங்க சொன்னாங்க. அத்தை தூங்கட்டும்னு விரல்ல இருந்த கிளிப்பைக் கழட்டி வெச்சிட்டேன்" என்றார். விடியற்காலையில் மூச்சுத்திணறல் வந்து ஐ.சி.யூ.வுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கிளிப் எதற்கு என்று நம் உறுப்பினருக்கு யாருமே சொல்லவில்லை.

"நல்லாத்தான் இருந்தாங்க, திடீர்னு இப்படி ஆயிடுச்சு" என்று சொல்கிறோம். பெரும்பாலும் அது திடீரென்று நடப்பதில்லை. அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே இதயம் நின்றுபோன 64 நோயாளிகளைப் பற்றி 1990ல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் 84 சதவீதம் பேருக்கு, அதற்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள்ளேயே உடம்பு மோசமாகும் அறிகுறி தெரிந்திருக்கிறது.

அந்த அறிகுறியை எப்படிப் பிடிப்பது? மூச்சு, நாடி, பி.பி., காய்ச்சல், ஆக்சிஜன், நினைவு இவற்றைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க் போடும் முறையை இங்கிலாந்தில் 2012ல் கொண்டு வந்தார்கள். மார்க் கூடினால் ஆபத்து கூடுகிறது என்று அர்த்தம். ஒருவருக்கு மூச்சு நிமிடத்துக்கு 22, நாடி 112, ஆக்சிஜன் 94 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் நமக்குப் பயம் வராது. ஆனால் மார்க் 2, 2, 1. மொத்தம் 5 வந்துவிட்டது! 5 வந்தாலே டாக்டர் உடனே வந்து பார்க்க வேண்டும். 7 என்றால் அவசரம். (இது பெரியவர்களுக்கு. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கணக்கு வேறு.)

ஒரு சிஸ்டர் எத்தனை பெட்டைத்தான் பார்ப்பார்? ராத்திரி 10 மணிக்குப் பார்த்துவிட்டுப் போனால், மறுபடி வருவதற்குள் நிலைமை மாறிவிடலாம். அந்த இடைவெளியில் கவனிக்கத்தான் மெஷின். கொரோனா காலத்தில் வீட்டிலேயே விரலில் மாட்டிப் பார்த்தோமே, அதே மாதிரி கிளிப்தான் ஆக்சிஜனையும் நாடியையும் காட்டுகிறது. இப்போது உடம்பில் எதையுமே மாட்டாமல் பார்க்கும் கருவியும் வந்திருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த டோசி என்ற நிறுவனம் மெத்தைக்கு அடியில் விரிக்கும் ஒரு ஷீட்டைச் செய்கிறது. இதயம் துடிக்கும்போதும் மூச்சு விடும்போதும் உடம்பில் உண்டாகும் சிறு அதிர்வை அது பிடித்து, நர்சம்மா பார்க்கும் திரைக்கு அனுப்புகிறது.

மெஷினும் தப்பாகக் கத்தும், அதையும் சொல்லிவிடுகிறோம். கிளிப் நழுவினாலும், விரல் சில்லென்று இருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் அளவு மாறும். அடிக்கடி சும்மா கத்தினால் கேட்பவர்களுக்குக் காது மரத்துப்போகும். ஆனாலும் அது வீண் சத்தமா, நிஜமா என்று முடிவு செய்ய வேண்டியது சிஸ்டர்தான். நாமோ பக்கத்துப் பெட்காரரோ இல்லை. மெஷின் கத்தினால் போய்க் கூப்பிடுங்கள். நாமாகக் கிளிப்பைக் கழட்டவோ, சத்தத்தை அணைக்கவோ வேண்டாம்.

மெஷின் இல்லாத வார்டில் என்ன செய்வது? மூச்சை எண்ணலாம். நோயாளிக்குத் தெரியாமல் ஒரு நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி. 25 அல்லது அதற்கு மேல் போனால் அதற்கு மட்டுமே 3 மார்க்! புதிதாகக் குழப்பமாகப் பேசினாலும் 3 மார்க். "வயசானவங்க, உளறுறாங்க" என்று விட்டுவிடாதீர்கள்.

நாம் சொன்னால் கேட்பார்களா என்று தயங்குகிறோம். இங்கிலாந்தில் 2021ல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி, கிருமித் தொற்று ரத்தத்தில் பரவி இறந்தாள். பெற்றோர் கவலையைச் சொல்லியும் அவளை நேரத்தோடு ஐ.சி.யூ.வுக்கு மாற்றவில்லை. அதன் பிறகு 2024ல் அங்கே 'மார்த்தா விதி' வந்தது. குடும்பத்தார் கேட்டால் வேறொரு மருத்துவக் குழு வந்து பார்க்க வேண்டும். இங்கே விதி இருக்கிறதோ இல்லையோ, "சிஸ்டர், சாயங்காலம் 18 இருந்த மூச்சு இப்போ 26 இருக்கு" என்று எண்ணோடு போய்ச் சொல்லிப் பாருங்கள். "என்னமோ மாதிரி இருக்காங்க" என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கும்.

அடுத்த கூட்டத்தில் மூச்சு எண்ணிப் பழகுவோம். வினாடி முள் உள்ள வாட்ச் அல்லது போன் கொண்டு வாருங்கள்.